கையெழுத்துப் போடாத நேயர்கள்

ஃப்ரீமான்ட்டில் இருந்தபோது ஞாயிறு காலைகளில் அரை மணி நேரம் டிவியில் தமிழ்ச் செய்தி வாசித்தேன். அந்த உள்ளூர் ஸ்டேஷன் ஒரு கிழவருக்குச் சொந்தம். சிடுமூஞ்சி, ஆனால் வியட்நாம்காரர்களுக்கும் எங்களுக்கும் ஸ்டுடியோவைத் திறந்துவிட்டிருந்தார். சம்பளம் கிடையாது. கொடுத்தாலும், கணவரோடு ஒட்டி வந்த டிபென்டன்ட் விசாவில் வாங்க முடியாது. ஊரில் கல்லூரியில் பாடம் எடுத்த நான் இங்கே வந்து குக்கர் விசிலுக்குக் காத்திருந்தேன். அந்த அரை மணிதான் எனக்கென்று இருந்த ஒரே வேலை.

கிழவர் ஸ்டேஷனை விற்றுவிட்டார். வாங்கியது கிழக்குக் கரையில் உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராக ஸ்டேஷன்களை வளைத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு நெட்வொர்க். ஃப்ரீமான்ட் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் நிகழ்ச்சியைத் தூக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஸ்டேஷனில் நிகழ்ச்சிகளைக் கவனித்த அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டு, பார்க்கிறவர்கள் பெயர், விலாசத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மேலிடத்தில் வாதாடிப் பார்க்கிறேன் என்றாள்.

எனக்குக் கவலையே இல்லை. மௌரி அவென்யூ மளிகைக் கடையில் புளியை எடுப்பதற்குள் நிகழ்ச்சியைப் பற்றிப் பேச நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் அடுத்த பாட்லக்குக்கு மனு எழுதி எடுத்துப் போனேன். எல்லோரும் படித்துவிட்டு, ரொம்ப நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். பேனாவைத்தான் யாரும் தொடவில்லை.

"கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்குக்கா" என்றான், வாராவாரம் தவறாமல் பார்ப்பதாகச் சொல்லும் பக்கத்து அபார்ட்மென்ட்காரன். "இந்த டைம்ல எதுலயும் சைன் பண்ண வேணாம்னு பாக்கறேன்."

"டிவிக்கும் இமிக்ரேஷனுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லதான். இருந்தாலும் ரிஸ்க் எதுக்கு?"

அந்த ஒரு பதிலைத்தான் அறை முழுக்கச் சொன்னார்கள். அந்த ஊர் கம்பெனிகளையே ஓட்டுகிற மூளைகள். ஒரு காகிதத்தில் பெயர் எழுத நடுங்கினார்கள். கடைசியில் என் கணவரிடம் நீட்டினேன். "நம்ம ஃபைலும் லாயர்கிட்ட இருக்கு, விட்டுடேன்" என்றார், பாயசத்தைக் கலக்கிக்கொண்டே. அந்தக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவருடைய கிரீன் கார்டுக்காகத்தானே நான் வேலையை விட்டுவிட்டு வந்தேன்?

என் ஒரு கையெழுத்தோடு மனு போயிற்று. அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு மேலிடத்துக்கு அனுப்பிவைத்தாள். நெட்வொர்க்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? உங்களை யாரும் பார்ப்பதில்லை என்று ஆள் அனுப்பி முகத்துக்கு நேரே சொன்னார்கள். நான் என் செய்திக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு என் நேரத்தில், விளம்பரம் என்ற பேரில், ஒரு தடியன் வயிற்றைக் குறைக்கும் மெஷினில் படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தான். திரையின் மூலையில் 'உங்கள் ஊர் ஸ்டேஷன்' என்ற வரியை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தார்கள். அயோக்கியர்கள்.

ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. ஒருவர் விடாமல் எனக்குத்தான் அடித்தார்கள். பக்கத்து அபார்ட்மென்ட்காரனும் கூப்பிட்டான்.

"என்னக்கா இது, அநியாயமா இருக்கு? யாராவது கம்ப்ளெய்ன் பண்ணணும்க்கா."

ஸ்டேஷன் நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொண்டான் போலிருக்கிறது.

"பேர் கேப்பாங்களாக்கா?"

"கேப்பாங்க" என்றேன்.

ஃபோனை வைத்துவிட்டான்.