கிதிர்பூரில் ஒரு குலவை

கொல்கத்தாவின் கிதிர்பூர் துறைமுகத்தில் இந்த ஊரில் வேலை பார்க்கும் என் மகளோடு நிற்கிறேன். புயல் அடித்த தீவுகளுக்கு அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிய கடற்படை ரோந்துக் கப்பல் கிளம்பப் போகிறது. மேல்தளத்து ஓரத்தில் வெள்ளை உடுப்புக்காரர்கள் வரிசையாக அசையாமல் நிற்கிறார்கள்.

அந்த வரிசையில் ஒரு பெண். அவளுடைய அம்மா என் பக்கத்தில்தான் நிற்கிறாள். மகளுக்கு இதுதான் முதல் பயணமாம். இங்கே நல்ல காரியத்துக்கு ‘உலு’ எழுப்பித்தான் அனுப்புவார்கள். எங்கள் சிவகங்கைப் பக்கத்துக் குலவை மாதிரியே. அந்த அம்மா வாயைக் குவிக்கிறாள், அழுகையில் வெறும் காற்றுதான் வருகிறது. கப்பலைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

“மாஷிமா, பெரியம்மா, உங்களுக்கு உலு வருமா?” என்று என்னைப் பார்த்துத் தவிக்கிறாள். வங்காளத்தில் கேட்டதை என் மகள் தமிழில் சொல்கிறாள். சொல்லிவிட்டு, “எங்கம்மாவா? பக்கத்து வீட்லகூட வாயத் திறக்க மாட்டாங்க” என்று சிரிக்கிறாள்.

முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு குலவையிடுகிறேன். காவலுக்கு நிற்பவர்கூடத் திரும்புகிறார். வெட்கத்தில் காது சுடுகிறது, ஆனாலும் நிறுத்தவில்லை. அந்த அம்மாவுக்கும் குரல் வந்துவிடுகிறது. கப்பல் நகர்கிறது. மேல்தளத்தில் அவள் மகள் தலையைத் திருப்பாமலே பல் தெரியச் சிரிக்கிறாள்.