பொங்கலுக்குள் விற்க வேண்டிய ஜாஸ்

சீடிக் கடையில் வேலை செய்கிறவர்கள் பாட்டுக் கேட்பதில்லை; பாட்டின் பெயர் தெரியாமல் வருகிறவர்கள் பாடிக் காட்டுவதைத்தான் கேட்கிறோம். கூச்சத்தோடு ஒரு மேசைக்குப் பின்னால் காலம் தள்ளுகிற எல்லோருக்கும் என் பாடு விளங்கும்.

பெட்டி வந்தது

யுத்த காலம். மட்டக்களப்பு நகரத்தில் எங்கள் கடை. உள்ளறையில் இருந்து விலைப்பட்டியலைப் பார்த்துக் கொழும்பிலிருந்து சாமான் தெரிந்தெடுப்பது என் வேலை. யாரோடும் கதைக்கத் தேவையில்லை என்பதால் பிடித்த வேலை. ஒருமுறை பட்டியலில் பழைய ஜாஸ் இசைப்பதிவுகளை மலிவுச் சீடிகளாகக் கண்டேன். பல்கலைக்கழக விடுதியில் தோழியின் வானொலியில் கேட்டுப் பித்துப் பிடித்திருந்ததால், ஒரு பெட்டி எடுப்பித்துவிட்டேன்.

பஸ்ஸில் வந்த பெட்டியை நான் தூக்கி வர, சோதனைச் சாவடியில் பிரித்தார்கள். ஒரு சிப்பாய் சீடி ஒன்றைத் தங்கள் பிளேயரில் போட்டு, துவக்கை மடியில் வைத்தபடி முழுவதும் கேட்டார். சாக்ஸபோனும் பியானோவும் மாறி மாறி வாசித்து ஓய்ந்தன. அவர் என்னைச் சிங்களத்தில் தங்கச்சி என்று அழைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் கவலையோடு கேட்டார்: "நங்கி, பாட்டு எப்ப தொடங்குற?"

தவணை

அட்டைப் படத்தில் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தவரை முதலாளி வெகுநேரம் பார்த்தார். ஜாஸ் வாங்க யாராவது வந்தால் நானே வந்து பேச வேண்டும் என்றார். அதோடு விடவில்லை. "புள்ள, பொங்கலுக்குள்ள பெட்டி முடியோணும். இல்லாட்டி மறுகா சாமான நான் தெரியிறன், நீங்க முன்னுக்கு நிண்டு ஆக்களோட கதையுங்க."

அன்று மாலையே பெட்டியில் எத்தனை சீடி என்று எண்ணத் தொடங்கினேன்.

மழை

ஏறாவூர்த் துணி வியாபாரி ஒருவர் விலையைப் பார்த்து ஒன்று வாங்கினார். அந்தக் காலத்துப் பதிவு. இசைக்குப் பின்னால் சரசரவென்று ஓர் இரைச்சல் ஓடும். அதைச் சொல்ல வாய் வரவில்லை எனக்கு. மறுநாளே சீடியோடு வந்து நின்றார். "தங்கச்சி, இதுக்குள்ள மழ பெய்யுது. எங்கட வீட்டுக்காரி ஓடிப்போய்க் கொடியில கிடந்த சாரனெல்லாம் அள்ளிட்டு வந்துட்டா!"

படுவான்கரை ரசிகர்

வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து ஒரு விவசாயி வந்து, உள்ளதில் மலிவான சீடி எது என்று கேட்டார். ஜாஸைக் காட்டினேன். கைநிறைய எடுத்தார். ஒரு ரசிகரைக் கண்ட பூரிப்பில், புலிகளின் கையிலிருக்கும் அக்கரையில் கரண்ட் இல்லையே, சாவடியில் பேட்டரியும் கொண்டுபோக விடமாட்டார்களே, எப்படிக் கேட்பீர்கள் என்று நானாகவே பேச்சுக் கொடுத்தேன். "ஆரு புள்ள கேக்கிற? கதிர் பால் பிடிக்கிற நேரம். வயல் வட்டைக்குள்ள கட்டித் தொங்கவிட்டா மினுக்கத்துக்குக் குருவி அண்டாது."

ஆடலாமா?

பொங்கலுக்கு முந்திய வாரம், பாதிப் பெட்டி மிச்சம். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கித் தச்சர் ஒருவர் வந்தார். மகளுக்குக் கலியாணம்; ஊரடங்குக்கு முன் பகலிலேயே முடித்தாக வேண்டும். வயலின் வாசிக்கிறவரோ வெளிநாடு போய்விட்டார். பறங்கிக் கலியாணத்தில் ஆட்டம் இல்லாமல் எப்படி? "மகள், இதுக்கு ஆடலாமா?" என்றார்.

சீடியைப் போட்டேன். கால் மட்டும் மேசைக்குக் கீழே தாளம் போட்டது. அவர் எட்டிப் பார்த்தார். எனக்கு என்ன துணிச்சல் வந்ததோ, வெளியே வந்து இரண்டு அடி வைத்துக் காட்டினேன். அவர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுழலத் தொடங்க, பஸ்ஸுக்கு நின்றவர்கள் வாசலில் குவிந்தார்கள். பார்த்தவர்கள் ஆளுக்கொன்று வாங்க, மிச்சத்தைப் பெட்டியோடு தச்சர் கொண்டுபோனார்.

முதலாளி வெற்று மேசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வாயே திறக்காத புள்ள ஆடியெல்லோ விக்குது! இனி சாமான் தெரியிறதும் நீங்கதான், முன்னுக்கு நிக்கிறதும் நீங்கதான்."

பெட்டி விற்காவிட்டால் கிடைக்க இருந்த தண்டனை விற்றதற்குப் பரிசாகக் கிடைத்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு சீடியையும், இதற்கு எனக்கு ஆடத் தெரியுமா என்று ஒருமுறை யோசித்துவிட்டே தெரிந்தெடுக்கிறேன்.