இரண்டாம் கொதி

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் என் அலட்டல் தாங்காது. அப்பா துரை பங்களாவில் சமையல்காரர். நத்தார்ப் பண்டிகைக்கு அங்கே ஆரஞ்சு, அன்னாசி, கறுவாப்பட்டை, கராம்பு எல்லாம் போட்டுப் பழச்சாறு காய்ச்சுவார். துரையும் விருந்தாளிகளும் அதைச் சுடச்சுடக் குடிப்பார்களாம். வடித்த பிறகு மிஞ்சும் தோலையும் சக்கையையும் தூக்குவாளியில் வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா தண்ணீரும் சீனியும் சேர்த்து மறுபடி கொதிக்க வைப்பாள். அந்த வெளிறிய தண்ணீரைத் தம்பியும் நானும் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "தொர குடிக்கிறதத்தான் நாங்களும் குடிக்கிறோம்" என்று பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்வோம். நான் அப்படித்தான் நம்பியும் இருந்தேன்.

எனக்கு ஏழு வயதான வருஷம் துரை குடும்பத்தோடு சீமைக்குப் போய்விட்டார். பங்களா பூட்டிக் கிடந்தது. இந்தத் தடவை ஒன்றும் கிடையாது என்று தெரிந்ததும் நான் சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

அப்பா என்னை அதட்டவில்லை. ஹட்டன் டவுனுக்குப் போய் நாலு ஆரஞ்சும் ஓர் அன்னாசியும் வாங்கிவந்தார். பங்களாவில் பரிமாறும்போது மட்டும் போடும் வெள்ளைக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, எங்கள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். அம்மாவைக் கிட்டே விடவில்லை. காய்ச்சி வடித்து, எங்கள் இருவர் கோப்பையிலும் தானே ஊற்றி, துரைக்கு நீட்டுவது போலக் குனிந்து நீட்டினார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு வாய் குடித்தேன். தொண்டை முழுக்கப் புளிப்பும் காரமும். தம்பி துப்பியே விட்டான்.

"இது தொர வீட்டுது மாதிரி இல்லப்பா. தண்ணி ஊத்திக் குடுங்க."

"அடியே, இதுதாண்டி தொர குடிக்கிறது!" அம்மா என் தலையில் குட்ட வந்தாள். நான் அதை நம்பவில்லை.

"விடு புள்ள, சின்னதுதானே" என்றார் அப்பா.

சக்கையை மறுபடி சட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். "இதுதாம்ப்பா!" என்று நான் குதித்தேன். அப்பா சிரித்தார். அப்புறம் நாங்கள் ஒதுக்கிவைத்த இரண்டு கோப்பைகளையும் எடுத்து, ஆறிப்போன சாற்றைச் சொட்டு விடாமல் தானே குடித்துமுடித்தார்.

முதலில் காய்ச்சியது சரியாக வரவில்லை என்று வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, "கவலப்படாதீங்கப்பா, அடுத்த வருசம் தொர வந்துருவாரு. நல்லதே கெடைக்கும்" என்று ஆறுதல் வேறு சொன்னேன்.