மருந்தடித்த காப்பிப் பழம்

துபாயில் வேலை செய்யும் என் கணவர் வெகுநாள் கழித்து ஒரு மாத லீவில் வந்திருந்தார். ஒற்றசேகரமங்கலத்தில், நிலச் சீர்திருத்தத்தில் மாமனாருக்குக் கிடைத்த மேட்டு நிலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பிச் செடிகள் உண்டு. காய்களில் பூச்சி துளைத்திருப்பதைப் பார்த்தவர், பனச்சமூட்டில் மருந்து வாங்கி வந்து, நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த அன்று அடித்துவிட்டார்.

மறுநாள் நான் பழம் பறிக்கப் போனேன். நன்றாகச் சிவந்த பழத்தை வாயில் போட்டு, இனிப்பை உறிஞ்சிவிட்டுக் கொட்டையைத் துப்புவது என் வழக்கம். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றி, வாந்தியெடுத்துச் செடியடியில் சாய்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு அவர் ஓடிவந்தார். "என்னத்தத் தின்ன நீ?"

"காப்பிப் பழந்தானே சவச்சேன்."

"அய்யோ, நேத்து மருந்தடிச்சதாக்கும்! உன்னட்ட சொல்லாம விட்டேனே!"

ஜீப் பிடித்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்துக்கொண்டேன். ஆனால் மிச்சமிருந்த லீவெல்லாம் ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகிலேயே அவருக்குக் கழிந்தது. கன்னியாகுமரிக்குப் போகலாம் என்று பேசி வைத்திருந்தோம், போகவில்லை. நான் வீடு திரும்பிய மறுநாளே அவர் விமானம் ஏறினார்.

இப்போது செடிகளுக்குச் சாணமும் வேப்பம்பிண்ணாக்கும்தான். பூச்சி பெருகாமலிருக்க, உதிர்ந்த காய்களை விடாமல் பொறுக்கி எரிக்கிறேன். விளைச்சல் குறைவுதான்; ஆனால் பயமில்லாமல் பழத்தை வாயில் போடலாம், கொட்டையை வறுத்து வீட்டில் எல்லோருக்கும் காப்பி போடலாம். பிறர் தோட்டத்தில், மருந்தடித்ததா என்று கேட்காமல் செடியில் கை வைப்பதில்லை.

அவர் அடுத்த லீவில் வர இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.