வேக வண்டியும் நாச்சாரம் ரோடும்

ஆந்திராவில், நாங்கள் குடியிருக்கும் கொண்டாப்பூரில் வேகத்தடையை அரசாங்கம் மட்டும் போடுவதில்லை. ஒவ்வோர் அப்பார்ட்மெண்ட்டும் தன் வாசலில் தானே ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. மிஞ்சிய சிமெண்டை வீணாக்க மனம் வராமல் கொட்டியதுபோல ஒவ்வொன்றும் ஓர் உயரம். குடிவந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் என் மனைவி கவிதா இடுப்பில் கைவைத்துக்கொள்வதைப் பார்த்த பிறகு வேடிக்கை போய்விட்டது. மகள் நிலா பிறந்தபோது வந்த வலி அது.

நான் நாமக்கல்காரன். அப்பா லாரி ஓட்டியவர். எங்கள் வீட்டில் வண்டி என்றால் இழுவை, வேகம், பிரேக் என்றுதான் பேச்சு. சீட்டைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆகவே மாதாப்பூரில் வேலை நிலைத்து, கார் வாங்கலாம் என்றானதும், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஒரு டர்போ வண்டியின்மேல் கண் வைத்தேன். வெளிவட்டச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. சிரித்துவிட்டேன். கர்னூல், அனந்தபூர், பெங்களூர், ஓசூர் என்று மனசு அப்போதே ஊர்போய்ச் சேர்ந்துவிட்டது. வண்டியை நாமக்கல்லுக்குக் கொண்டுபோய் டிஎன் 28 என்று பதிவுசெய்வதாகவும் தீர்மானித்தேன். என்றாவது திரும்பிப் போகிறவனுக்கு ஆந்திரா நம்பர் எதற்கு?

ஷோரூமில் இம்ரான் என்ற விற்பனையாளர், "ஆராம் ஹோனா கி மஜா ஹோனா, சார்?" என்று கேட்டார். சொகுசா, குஷியா என்கிறார். குஷிதான், ஊருக்குப் போகத்தான் வண்டி என்றேன். பக்கத்தில் எங்கோ ஊர் என்று நினைத்துக்கொண்டு, "ஹர் ஹஃப்தா ஜாத்தே?" என்றார். வாராவாரம் இல்லை, வருஷத்துக்கு இரண்டு தடவை என்றேன். "ஹவ் சார்", ஆமாம் சார், என்று மரியாதையாகத் தலையாட்டினார்.

கவிதாவுக்கு வேலை நாச்சாரத்தில், ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில். நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. என் ஆபீஸுக்குக் கம்பெனி பஸ் வரும். ஆக, தினமும் காரை ஓட்டப்போகிறவள் அவள்.

"வருசத்துக்கு ரெண்டு தரம் நீங்க ஓட்டறதுக்கு, மிச்ச நாளெல்லாம் நான் முதுகக் குடுக்கணுங்களா?" என்றாள். "ஒருக்கா நாச்சாரம் வரைக்கும் ஓட்டிப் பாருங்க. அப்பறம் உங்க இஷ்டமுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் கிளம்பினோம். பக்கத்தில் இம்ரான், பின்னால் கவிதாவும் நிலாவும். தார்நாக்கா தாண்டியதும் தோண்டி மூடிய ரோடு. நல்ல வண்டிதான், கீழே கிடந்த கூழாங்கல்லைக்கூட ஒளிக்காமல் காட்டிக்கொடுத்தது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

"அப்பா, மெல்லகா. அம்மகி நொப்பி வஸ்தோந்தி" என்றாள் நிலா. அம்மாவுக்கு வலிக்கிறதாம். நாங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். பதறினால் அவளுக்குத் தெலுங்குதான் வருகிறது. கண்ணாடியில் பார்த்தேன். கவிதா பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. வாழ்வது இந்த ஊர் ரோட்டில். வண்டி பார்த்ததோ வேறொரு ரோட்டுக்கு. ஓரமாக நிறுத்தி, இம்ரானிடம் "ஆராம்" என்றேன்.

மெத்தென்ற கார் வந்தது. வளைவில் சாய்கிறது, மிதித்தால் யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. ஓட்டுவதில் எனக்கு ஒரு சுகமும் இல்லை. ஆனால் மேடு வந்தால் கவிதாவின் கை இப்போது இடுப்புக்குப் போவதில்லை. தினமும் ஓடுவது இங்கே என்றான பிறகு பதிவும் இங்கேயே செய்தேன். எங்கள் ரங்காரெட்டி மாவட்டத்துக்கும் எண் 28தான்: ஏபி 28.

பொங்கலுக்கு ஊர்போய்ச் சேர்ந்தோம். எதிர்வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு, "ஆந்திராவுல இருந்து விருந்தாளுங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"நம்ம பையன் வண்டிங்க. இருபத்தெட்டுனு போட்டிருக்குதுல்ல" என்றார் அப்பா.

குனிந்து, தோள் துண்டால் இருபத்தெட்டை மட்டும் துடைத்தார். ஏபி மேல் கர்னூல் புழுதி அப்படியே இருந்தது.