அம்மா வந்தால்தான் குத்துவோம்

ஸ்பிரிட் விளக்கின் நீலத் தீயில் இரும்பைக் காட்டினால் ஒரு வாசனை வரும். கருகல் என்றும் சொல்ல முடியாது, மருந்து என்றும் சொல்ல முடியாது, மூக்குக்குள் குறுகுறுவென்று ஏறி அங்கேயே நின்றுகொள்கிற வாசனை அது. அம்மை குத்துகிற முள்சக்கரத்தை அப்படித்தான் தீயில் காட்டி, ஆறவைத்து, பிள்ளையின் கையில் வைத்து ஒரு திருகு திருகுவார்கள். அதை நினைத்தால் மற்றவர்களுக்குப் பயம் வரும். எனக்கு இந்த வயதிலும் கோபம்தான் வருகிறது.

வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அறுபதுகளின் தொடக்கத்தில், மானத்து மழையை நம்பின புஞ்சை எல்லாம் காய்ந்து கிடந்தபோது, வீட்டுக்கு ஒரு பெண்ணாவது "ஆபீசுக்கு" நடந்து போய் வந்தாள். ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள், தீப்பெட்டிக் கம்பெனியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்லுவோம். அய்யா கிணறு வெட்ட ஊர் ஊராகப் போய்விடுவார். அம்மா விடியுமுன் கஞ்சிச் சட்டியோடு போய், நாள் முழுவதும் மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவாள். அதனால் என் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு என் இடுப்பில் ஏறிக்கொண்டவள் என் தங்கச்சி மாரித்தாய். இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை. மத்தியானம் அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஆபீஸ் கேட்டுக்குப் போக வேண்டும், அம்மா ஓடிவந்து வேப்பமரத்து நிழலில் பால் கொடுத்துவிட்டு, வாயைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் உள்ளே ஓடுவாள். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படி அக்காள்மார் இடுப்பில்தான் வளர்ந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஊர்ச் சாவடியை ஒட்டின அறையில் "பிள்ளை நிறுக்கிற இடம்" வந்தது. புதன்கிழமை காலையில் நர்சம்மா வருவார். விட்டத்தில் தொங்கும் தராசில் துணித் தொட்டில் கட்டிப் பிள்ளையை நிறுப்பார்கள், பால் பவுடர் கொடுப்பார்கள், அம்மை குத்துவார்கள். அதற்கு முன்னால் அம்மை குத்துகிறவர் வீடு வீடாக வருவார். இந்த இடம் வந்ததும், "கைப்பிள்ளையை எல்லாம் இனிமே அங்கன கொண்டு போங்க" என்று அவரும் கையைக் கழுவிவிட்டார்.

முதல் புதன்கிழமை நான் மாரித்தாய்க்குத் தலை சீவி, மை வைத்து, வரிசையில் முன்னாலேயே போய் நின்றேன். நர்சம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா எங்கே?"

"ஆபீசுக்குப் போயிருக்கு."

"அம்மா வந்தால்தான் குத்துவோம். குத்தின பிறகு எப்படிப் பார்த்துக்கணும்னு உன்கிட்டயா சொல்றது? போய் அம்மாவைக் கூட்டிட்டு வா."

நானும், எனக்குப் பின்னால் கைப்பிள்ளையோடு நின்ற அக்காள்மாரும் அப்படியே திரும்பினோம். ராத்திரிச் சோறு ஊட்டுவதிலிருந்து பீத்துணி அலசுவது வரைக்கும் பார்த்துக்கொண்ட எங்களிடம், ஒரு புண்ணைத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்று சொன்னால் போதாதா? அந்தச் சட்டத்தை எழுதினவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்களோ, அந்த ஊரில் அம்மாமார் பகலில் வீட்டில் இருந்தார்கள் போலும்.

அம்மா மறுநாள் ஆபீசில் கணக்கப்பிள்ளையிடம், புதன்கிழமை ஒரு பொழுது மட்டும் விடச்சொல்லிக் கேட்டாள். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லையாம். "ஆர்டர் நிக்குது. ஒனக்கு விட்டா அம்புட்டுப் பேரும் கேப்பாக. போறதுன்னா அப்படியே போயிரு, ஒஞ் சட்டத்துல வேற ஆளை உக்கார வச்சிக்கிறேன்" என்றாராம். அம்மா வந்து இதைச் சொல்லிவிட்டுச் சோறு தின்னாமல் படுத்தாள்.

பக்கத்து வீட்டுச் சண்முகத்தக்காளுக்கு இது பொறுக்கவில்லை. அவள் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். "ஏந் தங்கச்சி, நாந்தான் சும்மா கிடக்கேனே. எம் பிள்ளைன்னு சொல்லிக் குத்திட்டு வந்துருதேன்" என்று அடுத்த புதன்கிழமை மாரித்தாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. தராசில் போடத் துணியை அவிழ்த்தபோது நர்சம்மா ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"போன வாரம் ஆம்பளைப் பிள்ளையை நிறுத்திட்டுப் போனியே. இந்த வாரம் பொம்பளைப் பிள்ளையா?"

சண்முகத்தக்கா அசரவில்லை. "ரெட்டைங்கம்மா. ஒண்ணொண்ணாக் கொண்டாரேன்."

"அது கவுந்து படுக்கவே இல்லை. இது உக்காருது."

"இது கொஞ்சம் சூட்டிக்கை."

வரிசை முழுவதும் சிரித்தது. நர்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டு, துணியைச் சுற்றிப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, முள்சக்கரம் தயாராக இருந்தது, பிள்ளையின் கையும் நீட்டின மாதிரி இருந்தது. சிரித்த சிரிப்பு அடங்குமுன் நாங்கள் வெளியே நின்றோம். அந்த அம்மாளும் சம்பளத்துக்கு வந்தவர்தான், மேலே இருந்து சொன்னதைச் செய்தார் என்று பின்னாளில் எத்தனையோ தடவை மனசைச் சமாதானப்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஆகவில்லை.

பிறகு அம்மா எங்கள் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலை நம்பியிருந்தாள். பொங்கலுக்கு ஆபீசுகள் எல்லாம் பூட்டிவிடும், புதன்கிழமையும் அதில் ஒரு நாளாக வந்தது. அம்மனுக்கு மாவிளக்கு வைத்துவிட்டு, மஞ்சள் பூசிக் குளித்த ஈரம் காயாமலே மாரித்தாயைத் தூக்கிக்கொண்டு சாவடிக்குப் போனாள். நானும் ஓடினேன். எங்களைப்போல ஏழெட்டு அம்மாமார் அங்கே நின்றார்கள். கதவு பூட்டியிருந்தது. சாவடிக் காவல்காரர் பல்லைக் குத்திக்கொண்டே, "திருவிழா லீவு அவுகளுக்கும் உண்டுல்லா?" என்றார்.

அந்தச் சித்திரையில் ஊருக்குள் அம்மை வந்தது.

எங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிப்பு இல்லை, வெளியாள் இல்லை. மாரித்தாயை வாழை இலையில் கிடத்தி, வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டே அம்மா ஆத்தாளிடம் பேசிக்கொண்டிருப்பாள். உயிர் தங்கியது. கண்ணிரண்டும் மூடிக்கொண்டன. முத்து இறங்கித் தண்ணீர் ஊற்றினதும் இருக்கன்குடிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஆத்தா சந்நிதியில் வெள்ளித் தகட்டுக் கண்மலர் சாத்தி, கோயிலிலேயே கிடந்தோம். ஒரு கண் திறந்தது. அந்த ஒரு கண்ணை ஆத்தா கொடுத்தாள் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். மற்றக் கண்ணை நான் ஆத்தாளிடம் கேட்கவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு.

நாங்கள் ஊர் திரும்பின பிறகு ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். கோயில் முன்னால் எல்லாரையும் கூட்டிவைத்து, "சாமி கோவிச்சுக்கும்னு பயந்துக்கிட்டுக் குழந்தைகளைக் கொண்டுவராம இருந்திருக்கீங்க. இந்த மூடத்தனத்தாலதான் இப்படி" என்றார். எனக்குத் திகைப்பாக இருந்தது. எங்கள் ஊரில் அம்மை குத்தின இடம் பழுத்தால், ஆத்தா சின்னதாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள் என்று சொல்லி, பிள்ளைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கோயிலில் பச்சரிசி இடித்துத் துள்ளுமாவு வைப்பார்கள். குத்துவதையே சாமி காரியமாகச் செய்த சனங்களைப் பார்த்து அவர் பேசிய பேச்சு அது.

கூட்டத்தில் வாய் திறக்காத என் அம்மா அன்றைக்கு மாரித்தாயை இடுப்பில் வைத்தபடி முன்னால் வந்தாள்.

"ஐயா, நாங்க சாமிக்குப் பயந்து வராம இருக்கல. கணக்கப்பிள்ளைக்குப் பயந்துதான் வரல. எம் மூத்த பிள்ளை இவளைத் தூக்கிட்டு வந்துச்சு, விரட்டிட்டீக. நான் வந்தேன், பூட்டிட்டுப் போயிட்டீக. சாமியை ஏன் இழுக்கீக?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப் கிளம்பிவிட்டது.

இப்போது அம்மை இல்லை. அந்த முள்சக்கரம் இல்லை, விட்டத்துத் தராசு இல்லை, சாவடியே இடிந்துபோய் அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அம்மாவும் போய்விட்டாள். முகத்தில் அம்மைத் தழும்பு உள்ளவர்களை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்ததே கிடையாது, மாரித்தாயைப் பார்த்து வெறிக்கும். "என்னத்தைப் பாக்கே, ஒன்னைப் பாக்க எனக்கு ஒரு கண்ணு போதும்" என்று அவள் சிரிப்பாள். ஆனால் அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. சுகாதார விழா என்று மேடை போட்டால் யாராவது ஒருவர் எழுந்து, அந்தக் காலத்துத் தாய்மாரின் அறியாமையால் எத்தனை குழந்தைகள் கெட்டன என்று உருகுகிறார். எனக்கு எழுந்துபோய் மைக்கைப் பிடுங்க வேண்டும்போல இருக்கும்.

சென்ற தை மாதம் நானும் மாரித்தாயும் கோயிலுக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றோம். ஞாயிற்றுக்கிழமை, பஸ் நிறுத்தத்திலேயே பந்தல் போட்டுச் சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் கைப்பிள்ளை ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பு ஒரு பக்கமாக ஒடிந்து நிற்கிற அந்த நிலை எனக்குத் தெரிந்த நிலை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"யாரு பாப்பா இது?"

"என் தம்பி. அம்மா அச்சாபீசுக்குப் போயிருக்கு."

"சரி, தலையைப் பிடிச்சுக்கோ" என்று நர்ஸ் பிள்ளையின் வாயில் சொட்டு விட்டு, விரலில் மை வைத்து அனுப்பினார்.

பந்தல் இருந்தது மாரித்தாயின் பார்வை இல்லாத கண் பக்கம். பேச்சு அரைகுறையாகக் காதில் விழ, "என்னக்கா, அந்தப் பிள்ளைகிட்ட என்ன கேட்டாக?" என்றாள்.

"யாரு இதுன்னு கேட்டாக."

"பெறகு?"

"மருந்து கொடுத்துட்டாக."

பஸ் வந்து நின்றதும் என் கையைப் பிடித்து ஏறிக்கொண்டே கேட்டாள்:

"அம்புட்டுத்தானா?"