இருபத்தொன்பது நாடுகளின் சம்மதம்

சிட்னியில் பரமட்டா ஸ்டேஷனுக்குக் கிட்ட யோகராணி அச்சுக்கடை வைத்திருக்கிறாள். பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுப் பனர், அரங்கேற்ற அழைப்பிதழ், சாப்பாட்டுக்கடை மெனு என்று பதினைந்து வருடமாக வேலைக்குக் குறைவில்லை. எதையும் சொன்ன நாளில் கொடுத்துவிடுவாள். வேராவின் பனர் மட்டும்தான் ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது.

வேரா மசிடோனியாக்காரி. தையல் ஆலையில் வேலைசெய்து ஓய்வுபெற்று, பென்டில் ஹில்லில் தனியாக இருந்தாள். 2019 தொடக்கத்தில் கடைக்கு வந்தாள். அவளுடைய சின்ன நாட்டை நேட்டோ இராணுவக் கூட்டணியில் சேர்க்கப்போகிறார்களாம். சேரும் நாளில் தங்கள் சங்க மண்டபத்தில் கட்ட ஒரு பனர் வேண்டுமாம்.

"என்ன திகதி போட?" என்று யோகராணி கேட்டாள்.

"அதை வெறுமையாக விடு. கூட்டணியில் இருக்கிற இருபத்தொன்பது நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒவ்வொரு பாராளுமன்றமாகக் கை உயர்த்தட்டும்."

அதன்பிறகு மாதத்துக்கு ஒருதரம் வேரா வந்து கணக்குச் சொன்னாள். முதலில் சம்மதித்தது கிரேக்கம். "மசிடோனியா என்ற பெயருக்காக எங்களோடு இருபத்தேழு வருடம் சண்டைபிடித்த நாடு!" என்று மேசையில் தட்டிச் சிரித்தாள். யோகராணிக்கும் அது தொற்றிக்கொண்டது. தேநீர் நேரத்தில் கைபேசியில் தேடிப் பார்ப்பாள். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றி நடந்த வாக்கெடுப்புகளின்போது எத்தனை கை உயர்ந்தது, எத்தனை உயரவில்லை என்று எண்ணிப் பழகியவள் அவள். இங்கே எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பார்க்க நன்றாக இருந்தது.

கடைசியில் ஸ்பெயின் மட்டும் மிஞ்சியது.

"அங்க திரும்பவும் தேர்தலாம்," என்று குசினியில் கணவர் நித்தியானந்தனிடம் சொன்னாள்.

"அதுக்கு உமக்கேன் இந்தப் பதட்டம்?"

"பனர் கிடக்குதெல்லே!"

2020 மார்ச்சில் ஸ்பெயினின் மேல்சபையும் சம்மதித்தது. பத்து நாளில் நாடு கூட்டணியில் சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் கொரோனா வந்து சிட்னியில் மண்டபங்கள் எல்லாம் பூட்டு. வேரா போன் எடுத்து, "பனர் வேண்டாம், யோகா," என்றாள்.

யோகராணி போனை வைத்துவிட்டு மெஷினைப் போட்டாள். திகதியோடு பனர் வெளியே வந்தது.

"மண்டபம் இல்லாட்டி என்ன, அவவின்ர வேலியில கட்டிப்போட்டு வருவம்," என்றார் நித்தியானந்தன்.

சனிக்கிழமை காலை இருவருமாக வேலி நீளத்துக்கு இழுத்துக் கட்டினார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த வேரா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கட்டிப்பிடிக்க முடியாத காலம். அவள் உள்ளே ஓடிப்போய்ப் போன் எடுத்தாள். அரைமணித்தியாலத்தில் அவளுடைய ஆட்கள் கார்களில் வந்து, இறங்காமலே ஹோர்ன் அடித்துக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். வேரா முற்றத்தில் தனியாக நாலு அடி ஆடினாள். யோகராணி ரோட்டில் நின்று கைதட்டினாள்.

புறப்படும்போது வேரா, சுட்டு அரைத்த சிவப்பு மிளகாய்ப் போத்தல் ஒன்றை வேலித் தூணில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நித்தியானந்தன் வீட்டுக்கு வந்ததும் அதைப் பாணில் பூசிச் சாப்பிட்டுப் பார்த்தார்.

"உறைப்புக் காணாது," என்றார். என்றாலும் இன்னொரு துண்டு வெட்டினார்.